சந்திரபாபு - தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒரு குரல்

சந்திரபாபு என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு ஒல்லியான உருவம், ஒட்டவெட்டிய கோட்டு சூட்டு, ரப்பரில் செய்தது போல வளையும் கால்கள். கூடவே அந்தச் சோகக் கதையும். உச்சத்தில் இருந்தார், சொந்தப் படம் எடுத்தார், கடனாளி ஆனார், குடித்தார், 46 வயதில் இறந்தார். பத்திரிகைகளில் பத்து வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கதை மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அவருடைய குரலைப் பற்றியது. தமிழ் சினிமாவில் மேற்கத்திய தாளத்தை வாய் கூசாமல் பாடிய முதல் ஆண் குரல் எது என்று கேட்டால் சந்திரபாபுவின் பெயரைச் சொல்லாமல் தப்ப முடியாது. ஆனால் அந்தக் குரலை நம் சினிமா எந்த வாசல் வழியாக உள்ளே விட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஊர்.

தூத்துக்குடியில் மீனவர்கள் பரதவர்கள். மீன்பிடிப்பதோடு மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள், சங்கு குளித்தவர்கள், தோணி ஓட்டியவர்கள். 1530களின் நடுவில் போர்ச்சுக்கீசியர்கள் காலத்தில் ஏறக்குறைய சமூகம் முழுவதுமே கத்தோலிக்கர்களாக மாறியது. பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1542ல். அப்போது வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள்தான் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ, பெரைரா எல்லாம். வீட்டில் பேசுவது சுத்தமான தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது லிஸ்பன் நகரத்துப் பெயர்! வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தூத்துக்குடிக்காரர்களுக்கு அதில் விசேஷமாக எதுவும் இல்லை.

அந்த ஊரின் பெரிய கோயில் பனிமய மாதா கோயில். (அந்தக் கரையில் சர்ச் என்று சொல்ல மாட்டார்கள், கோயில்தான்.) ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 5ம் தேதி திருவிழா. பனியே விழாத ஊரில் பனிமய மாதா! 1927 ஆகஸ்ட் மாதத்தில்தான் சந்திரபாபு பிறந்தார். வைத்த பெயர் ஜோசப் பனிமயதாஸ். அப்பா பெயர் ஜே.பி. ரோட்ரிக்ஸ். குழந்தையாக இருக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்து பிழைத்ததால், கடவுள் போட்ட பிச்சை என்று 'ஜோசப் பிச்சை' என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்திரபாபு என்பது அவர் பிற்பாடு தானே வைத்துக்கொண்டது. பரதவர்கள் தங்களைச் சந்திர குலத்தவர் என்று சொல்லிக்கொள்வார்கள், அந்தச் சந்திரனையும் செல்லப்பெயரான பாபுவையும் சேர்த்துக்கொண்டார் என்பார்கள். ஜே.பி.யை மட்டும் விடவில்லை. கடைசிவரை ஜே.பி. சந்திரபாபு.

அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்று ஒரு பத்திரிகை நடத்தியவர். வ.உ.சி. 1906ல் கப்பல் கம்பெனி ஆரம்பித்த ஊர் அல்லவா, அந்தச் சூடு அங்கே அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? சந்திரபாபு சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பாவைக் கைது செய்தார்கள், சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு குடும்பம் போய்ச் சேர்ந்த இடம் கொழும்பு.

இப்போது யோசித்தால் கொழும்பு வெளிநாடு. பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டும். அன்றைக்குத் தூத்துக்குடிக்காரர்களுக்கு அது எதிர்க்கரை, அவ்வளவுதான். 1914ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை சென்னையிலிருந்து இலங்கை போகிற 'போட் மெயில்' பயணிகள் தூத்துக்குடியில்தான் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினார்கள். ராத்திரி ஏறினால் விடிந்ததும் கொழும்பு. தோணிகளில் சரக்கு போய் வந்துகொண்டே இருந்தது. முத்துக் குளிப்பும் அப்படித்தான். ஒரு வருடம் தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களில், இன்னொரு வருடம் இலங்கைப் பக்கத்துப் பார்களில். (கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுக்கு அங்கே 'பார்' என்று பெயர்.) கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இன்றும் பரதவர்கள் இருக்கிறார்கள். அதனால் ரோட்ரிக்ஸ் குடும்பம் கொழும்பு போனதை ஏதோ கண்காணாத தேசத்துக்கு ஓடிப்போனது போல நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பையன் காதில் விழுகிற சத்தம் என்று பார்த்தால், தூத்துக்குடியும் கொழும்பும் ஒன்றில்லை.

1930களின் கொழும்பு ஆங்கிலப் பள்ளிக்கூடங்களின் நகரம். பறங்கியர் வீடுகளில் பியானோ, கிதார், பால்ரூம் நடனம். ஹாலிவுட் படங்கள் கப்பலில் நேரே வந்து இறங்கும் துறைமுகம். 1925 டிசம்பரிலேயே கொழும்பில் வானொலி ஆரம்பித்துவிட்டது. இதையெல்லாம்விட முக்கியமானது பைலா. போர்ச்சுக்கீசியர்களும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுப்போன ஆட்டப் பாட்டு அது. 'பைலார்' என்றால் போர்ச்சுக்கீசிய மொழியில் ஆடுவது. ஆறு எட்டுத் தாளத்தில் இடுப்பை இழுக்கும் பாட்டு. முன்பு கஃப்ரிஞ்ஞா என்று பறங்கியர் விருந்துகளிலும் கல்யாணங்களிலும் ஆடிக்கொண்டிருந்ததை 1940களில் வாலி பஸ்தியன் என்பவர் சிங்களத்தில் பாடிப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார்.

சந்திரபாபு பைலா பாடினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மேற்கத்திய இசை என்றால் அது ஏதோ துரைமார் வீட்டுச் சமாசாரம் என்ற கூச்சம் சென்னையில் வளர்ந்த பையனுக்கு இருந்தது போல, கொழும்பில் வளர்ந்த பையனுக்கு இருக்க முடியாது. ரோட்ரிக்ஸ் என்ற பெயர் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டைக் கேட்டு அந்நியம் என்று ஒதுங்குவது? அவர் பாடும்போது அந்தத் தாளம் ஒட்டவைத்தது போல இருக்காது, உடம்பிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். அதற்கு இந்த எதிர்க்கரை வளர்ப்பு ஒரு காரணம் என்று தாராளமாக ஊகிக்கலாம்.

1943ல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. அப்பாவுக்குப் பத்திரிகை வேலை. மகனுக்கோ சினிமா. 1947ல் பி.எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி'யில் ஒரு சின்ன வேடம். அதற்குப் பிறகு வருடக் கணக்கில் ஸ்டூடியோ வாசல், துண்டு வேடங்கள், பட்டினி.

பாடுவதற்கும் அலைந்தார். சி.ஆர். சுப்பராமனிடம் பாடிக் காட்டப் போனபோது அங்கே உதவியாளராக இருந்த ஓர் இளைஞர், இந்தக் குரல் சரிப்படாது என்று சொல்லிவிட்டாராம். அந்த இளைஞர் எம்.எஸ். விஸ்வநாதன்! பிற்காலத்தில் சந்திரபாபுவுக்கு மிகச்சிறந்த பாடல்களைக் கொடுத்ததும், உயிர் நண்பராக இருந்ததும் அதே எம்.எஸ்.வி.தான். அவரையும் குறை சொல்ல முடியாது. 1950ல் தமிழ்ப் பாட்டுக்கு வேண்டியிருந்த குரல் வேறு. தியாகராஜ பாகவதரின் உச்சஸ்தாயி இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது.

வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் 1952ல் ஜெமினி ஸ்டூடியோவுக்குள்ளேயே தற்கொலைக்கு முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். தற்கொலை முயற்சி அன்றைக்குக் குற்றம் என்பதால் வழக்கு வேறு. நீதிமன்றத்தில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டு, 'சுட்டது உங்களுக்குத் தெரியும், என் வேதனை தெரியாது' என்கிற பொருளில் பேசினார் என்று ஒரு கதை பல காலமாகச் சொல்லப்படுகிறது. எது எப்படியோ, அதே 1952ல் எஸ்.எஸ். வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது. அங்கிருந்து ஏறுமுகம்.

இனிமேல் பாட்டு.

யோடலிங் என்று ஒன்று உண்டு. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிடும் குரல். நெஞ்சிலிருந்து வரும் கனமான குரலிலிருந்து மேலே மெல்லிய குரலுக்குத் திடீரென்று தாவுவது, மறுபடி கீழே விழுவது. சாதாரணமாகப் பாடகர்கள் இந்த இரண்டு குரலும் சேருமிடத்தில் ஒட்டுத் தெரியாமல் பாடப் பழகுவார்கள். யோடலிங்கில் அந்த ஒட்டைத்தான் காட்ட வேண்டும், அந்த உடைசல்தான் அழகு. அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற ரயில்வே தொழிலாளி தன்னுடைய முதல் 'புளூ யோடல்' பாட்டைப் பதிவு செய்தது 1927 நவம்பரில். சந்திரபாபுவுக்கு அப்போது மூன்று மாதம். அந்தப் பாட்டு கிராமபோன் தட்டுகளில் உலகம் முழுக்கப் போனது.

நம் சங்கீதத்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? கள்ளத் தொண்டை! உச்சஸ்தாயி எட்டாமல் பொய்க்குரலுக்கு நழுவுவது ஒரு குற்றம், வித்வான்கள் முகம் சுளிப்பார்கள். ஆக, எதைச் செய்தால் நம் ஊரில் பாடத் தெரியாதவன் என்பார்களோ, அதையே வேண்டுமென்று செய்து கைத்தட்டல் வாங்கினார் சந்திரபாபு. இதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும், எவ்வளவு குரல் பயிற்சி வேண்டும்!

இந்திக்காரர்களுக்கு இது கிஷோர் குமார். அவரும் யோடலிங் செய்தார், அவரும் நகைச்சுவை நடிகர், அவரும் சந்திரபாபுவின் தலைமுறைதான் (1929ல் பிறந்தவர்). இருவரையும் ஒப்பிடுவது புதிதல்ல, பலரும் செய்ததுதான். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் சந்தித்த ஒரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஏவி.எம். ஒரே கதையை இந்தியில் 'லட்கி' (1953) என்றும் தமிழில் 'பெண்' (1954) என்றும் எடுத்தார்கள். இரண்டிலும் வைஜயந்திமாலா. இந்தியில் கதாநாயகனின் துடுக்கான நண்பன் வேடத்தில் நடித்துப் பாடியவர் கிஷோர் குமார். தமிழில் அதே வேடத்தில் நடித்தவர் வீணை எஸ். பாலசந்தர். அதில் அவர் கல்யாணத்தைப் பற்றிக் குதித்துக் குதித்துப் பாடும் பாட்டுக்குப் பின்னணிக் குரல்... சந்திரபாபு! ஆக, ஒரே கம்பெனியில், ஒரே பாத்திரத்துக்கு, இந்தியில் கிஷோர் முகமும் குரலுமாக நிற்கிறார். தமிழில் சந்திரபாபுவின் குரல் மட்டும் இருக்கிறது, முகம் வேறொருவருடையது. (வீணை வித்வானுக்குச் சந்திரபாபு குரல் என்பதே ஒரு தமாஷ். அதே 1954ல் பாலசந்தர் அதே ஏவி.எம்.முக்கு 'அந்த நாள்' எடுத்தார், அதில் பாட்டே கிடையாது!)

'பெண்' படத்துப் பாட்டு ஒரு கதவு. சந்திரபாபு மற்ற நடிகர்களுக்கும் பின்னணி பாடலாம், அவர் குரல் ஒரு பொதுக்குரல் ஆகலாம் என்பதற்கு அது அத்தாட்சி. அந்தக் கதவு அதற்குமேல் திறக்கவில்லை. 1950களின் நடுவிலிருந்து சிவாஜிக்கும் டி.எம்.எஸ்., எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ். என்று ஆகிவிட்டது. ஜெமினிக்கு ஏ.எம். ராஜா, பிறகு பி.பி. ஸ்ரீநிவாஸ். சந்திரபாபுவின் குரல் சந்திரபாபுவுக்கு மட்டும். அதாவது காமெடியனுக்கு மட்டும்.

அதிலும் இன்னொரு வேடிக்கை நடந்தது. 1958ல் பி.ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா'. சிவாஜி படம்தான், ஆனால் படத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் இரட்டை வேடத்தில் வந்த சந்திரபாபு. ஒரு வேடம் ரிக்ஷாக்காரர், அசல் மெட்ராஸ் பாஷை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஆள் பேசிய அந்தச் சென்னைத் தமிழ்தான் பிற்பாடு வந்த காமெடியன்கள் பலருக்கும் பாடப்புத்தகம். அந்தப் படத்தில் சந்திரபாபுவுக்கும் சரோஜாதேவிக்கும் ஓர் அருமையான காதல் டூயட் உண்டு. இன்றும் ரேடியோவில் கேட்கலாம். அதைப் பாடியவர்கள் டி.ஏ. மோதியும் பி. சுசீலாவும். தமிழ்நாட்டிலேயே தனக்கென்று குரல் உள்ள ஒரே நகைச்சுவை நடிகர் திரையில் வாயசைக்கிறார், குரல் வேறொருவருடையது! மெல்லிசையான காதல் என்றதும் அவருடைய சொந்தக் குரல் ஆகாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. டி.ஏ. மோதி அழகாகப் பாடியிருக்கிறார், அதில் குறையே இல்லை. ஆனால் நான்கு வருடம் முன்பு அடுத்தவர் முகத்துக்குக் கொடுத்த குரலை அதன் சொந்தக்காரர் முகத்துக்குக் கொடுக்கவில்லையே என்பதுதான்.

அடுத்த வருடமே அதற்குப் பதில் வந்தது. 1959ல் 'மரகதம்'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. சந்திரபாபுவும் ஜமுனா ராணியும் பாடிய 'குங்குமப் பூவே' டூயட். அந்தப் படத்தின் கதை என்னவென்று இன்று கேட்டால் நூறு பேரில் இரண்டு பேருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். பாட்டோ எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வருடம் கழித்து 2009ல் அந்தப் பாட்டின் முதல் வரியைக் கொஞ்சம் மாற்றி ஒரு படத்துக்குத் தலைப்பாகவே வைத்தார்கள். கேட்டுப் பாருங்கள், அதில் கிண்டல் எதுவும் இல்லை. ஒருவன் காதலித்துப் பாடுகிறான், அவ்வளவுதான்.

1957லிருந்து 1962 வரை அவருடைய பொற்காலம். 'புதையல்', 'மகாதேவி', 'மணமகன் தேவை', 'நாடோடி மன்னன்', 'சகோதரி', 'அன்னை', 'போலீஸ்காரன் மகள்'... இதில் 'சகோதரி' (1959) கதை சுவாரஸ்யமானது. எடுத்து முடித்த படத்தைப் போட்டுப் பார்த்தார் மெய்யப்பச் செட்டியார், படம் தேறாது என்று தோன்றியது. சந்திரபாபுவைக் கூப்பிட்டார். பால்காரன் பாத்திரம் ஒன்றை உண்டாக்கி, நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்து, படத்துக்குள் ஆங்காங்கே சொருகினார்கள். படம் ஓடிவிட்டது! தன்னை முட்டாள் என்று தானே சொல்லிக்கொண்டு அவர் பாடும் அந்தப் பிரபலமான பாட்டு இந்தப் படத்தில்தான். மூன்று வருடம் கழித்து 'அன்னை'யில் புத்திசாலிகளின் வெற்றியைப் பற்றிய அந்தத் தத்துவப் பாட்டு. இரண்டுக்கும் இசை ஆர். சுதர்சனம்.

அவருடைய சோகப் பாட்டுகளைத் தனியாகக் கேட்க வேண்டும். 'அன்னை' பாட்டு, 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தில் பிறப்பையும் இறப்பையும் பற்றிப் பாடுவது, 'ஆண்டவன் கட்டளை'யில் (1964) சிரிப்பைப் பற்றிப் பாடுவது. இவற்றில் யோடலிங் குறும்புகள் அடங்கிவிடுகின்றன. டி.எம்.எஸ். சோகம் பாடினால் அது மேடையிலிருந்து வரும் சோகம், கம்பீரமான சோகம். சந்திரபாபு பாடினால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் பேசுகிற மாதிரி இருக்கும். வார்த்தையை அழுத்த மாட்டார், இழுக்க மாட்டார். மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடும் மேல்நாட்டுப் பாடகர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட முறை அது. தமிழில் அப்படிப் பாடலாம் என்று காட்டியதுதான் அவருடைய சாதனை என்று தோன்றுகிறது, யோடலிங்கைவிட.

1965 போர் சமயத்தில் கலைஞர்கள் டெல்லி போயிருந்தபோது ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் முன்னால் பாடி, அவர் ரசித்ததில் உற்சாகம் தாங்காமல் ஜனாதிபதியின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு சம்பவம் சொல்வார்கள். அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அவருடைய துடுக்குத்தனத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். ஒரு பாடகனாக யாராவது ஒருவர் தன்னை மதித்துக் கேட்டதில் வந்த சந்தோஷம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அவருடைய துடுக்குத்தனம் உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். பெரிய நடிகர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், எதையும் முகத்துக்கு நேரே பேசினார், படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வரமாட்டார். 'கவலை இல்லாத மனிதன்' படத்தைச் சொந்தமாக எடுத்தவர் கண்ணதாசன். கதாநாயகன் சந்திரபாபு. அந்தப் படத்தால் பட்ட பாட்டைக் கண்ணதாசன் பிற்பாடு கசப்போடு எழுதினார். தலைப்பு ராசி அப்படி, படம் எடுத்தவருக்குக் கவலை மட்டும்தான் மிச்சம்.

ஆனால் அவருடைய வீழ்ச்சிக்குத் துடுக்குத்தனம் மட்டும் காரணம் என்று முடித்துவிட முடியாது. காமெடியனாக உள்ளே வந்தவர், காமெடியனாகவே இருக்கச் சம்மதிக்கவில்லை. கதை எழுத வேண்டும், இயக்க வேண்டும், நாயகனாக நடிக்க வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். படம் பாதியில் நின்றுபோனது. யார் மேல் தப்பு என்று இன்றுவரை இரண்டு கட்சி உண்டு, அதற்குள் போய்ப் பயனில்லை. போட்ட பணம் போயிற்று. ஆசை ஆசையாகக் கட்டிய வீடு போயிற்று. கார் நேராக மாடிக்கே ஏறிப் போகும்படி கட்டியது என்று அந்த வீட்டைப் பற்றிச் சொல்வார்கள். திருமண வாழ்க்கை ஏற்கெனவே முறிந்திருந்தது. குடி அதிகமாயிற்று.

1966ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்'. எழுதி இயக்கி நடித்தது அவரே. நாயகி சாவித்திரி. இசை டி.கே. ராமமூர்த்தி, எம்.எஸ்.வி.யிடமிருந்து பிரிந்து தனியாக இசையமைக்கத் தொடங்கியிருந்த நேரம். தலைப்பு பைபிளில் இருந்து எடுத்தது, பனிமய மாதா கோயில் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த வாக்கியமாக இருக்கும். படம் ஓடவில்லை.

இதற்குள் நாகேஷ் வந்துவிட்டார். 1964ல் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' இரண்டும் வந்தபிறகு தமிழ் நகைச்சுவை அவர் கையில். அதைவிடக் கொடுமை பாட்டில் நடந்தது. அறுபதுகளின் நடுவில் மேற்கத்திய தாளம் கதாநாயகர்களுக்கே வந்துவிட்டது. 'காதலிக்க நேரமில்லை'யில் கிதாரும் டிரம்ஸும் துள்ள இளைஞர்கள் பாடுகிறார்கள். 'அன்பே வா'வில் (1966) எம்.ஜி.ஆர். சிம்லாவில் டுவிஸ்ட் ஆடுகிறார். 1969ல் எஸ்.பி.பி. வந்தார், மெல்லிய, பேசுவது போன்ற குரலே நாயகக் குரல் ஆயிற்று. பத்து வருடம் முன்பு எதற்காகச் சந்திரபாபுவைக் காமெடியன் என்று ஒதுக்கினார்களோ, அதெல்லாம் இப்போது நாயகனின் லட்சணம்! இந்தியில் அதே 1969ல் 'ஆராதனா' வந்தது. நாற்பதை எட்டியிருந்த கிஷோர் குமார் புதுப் பையன் ராஜேஷ் கன்னாவுக்குக் குரல் கொடுத்து, அதற்குப்பின் இந்தியாவின் நம்பர் ஒன் பின்னணிப் பாடகர் ஆனார். சென்னையில் அதே வருடம் சந்திரபாபு எம்.ஜி.ஆரின் 'அடிமைப்பெண்'ணில் ஒரு துணை வேடத்தில் வந்துபோனார். யாருக்கும் பின்னணி பாட யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்தக் குரலைக் கேட்டால் அந்த முகம் ஞாபகம் வரும், முகம் ஞாபகம் வந்தால் சிரிப்பு வரும் என்று ஆகிவிட்டிருந்தது.

கிஷோருக்கு ஒரு எஸ்.டி. பர்மன் இருந்தார், சந்திரபாபுவுக்கு இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. எம்.எஸ்.வி. இருந்தார். நல்ல பாட்டுகள் கொடுத்தார், கடைசிக் காலத்தில் கையில் காசில்லாதபோது துணையாகவும் நின்றார். இல்லாதது இசையமைப்பாளர் அல்ல, அந்தக் குரலில் தன் முகத்தைப் பார்க்கத் தயாரான ஒரு கதாநாயகன்.

1961ல் தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக் குளிப்பு நின்றுபோனது. 1955லிருந்து தொடர்ந்து நடந்த முத்துக் குளிப்புகளின் கடைசி வருடம் அது. அதற்குப் பிறகு சிப்பிப் பார்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குளித்தவர்கள் சங்குக்கும் மீனுக்கும் துறைமுக வேலைக்கும் போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, சென்னை கொழும்பு ரயில் கப்பல் பாதையும் அறுந்தது. சந்திரபாபு வளர்ந்தபோது ஒரு ராத்திரிப் பயணமாக இருந்த எதிர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டே போனது.

சந்திரபாபு 1974 மார்ச்சில் சென்னையில் இறந்தார். அவர் விருப்பப்படி உடலை எம்.எஸ்.வி. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, பிறகு அடக்கம் செய்தார்கள் என்பார்கள்.

அவர் போன கொஞ்ச காலத்துக்குள் கொழும்பிலிருந்து ஒரு பாட்டு தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கியது. சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'. சிலோன் மனோகர் என்று நாம் அறிந்த ஏ.ஈ. மனோகரன் பாடியது. அசல் பைலா தாளம். கல்யாண வீடு, கல்லூரி விழா, கச்சேரி மேடை எங்கும் அதுதான். 1977ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் அதைப் பாடினார். மெல்லிசைக் குழுக்களில் சந்திரபாபு பாட்டுக்கென்று தனியாக ஓர் ஆள் வைத்திருப்பார்கள், கோட்டு போட்டுக்கொண்டு வந்து இரண்டு பாட்டுப் பாடி ஆடிவிட்டுப் போவார். பல மேடைகளில் 'சுராங்கனி'யையும் அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.